பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை உங்களில் பலருக்குப் பொருளாளராகத் தெரியும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், எழுத்தராக. மருத்துவமோ ஊட்டச்சத்தோ படித்தவன் இல்லை. அப்படியிருக்க இவர் ஏன் சிப்ஸைப் பற்றிப் பேச வந்தார் என்று நீங்கள் நினைப்பது நியாயமே. நான் கையெழுத்துப் போட்ட ஒரு வவுச்சர்தான் காரணம்.

மாதம் இரண்டு சனிக்கிழமை மாலையில் நம் மாடி அரங்கில் சிறுவர் மன்றம் நடக்கிறது. கதை, சதுரங்கம், ஓவியம் எல்லாம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு தின்பண்டம் கொடுப்போம். முதலில் உருளைக்கிழங்கு சிப்ஸ் கொடுத்தோம். "எண்ணெய்ப் பண்டம் வேண்டாமே" என்று சிலர் சொன்னார்கள். அப்போது கார்ன் சிப்ஸுக்கு மாறலாம் என்று யோசனை சொன்னது நான்தான். "சோளம்தானே, தானியம்தானே, உடம்புக்கு நல்லது" என்றேன். யாரும் மறுக்கவில்லை. 42 பிள்ளைகள், பாக்கெட் 20 ரூபாய், ஆக 840 ரூபாய். மாதம் 1,680. ஆண்டுக்கு 20,160. எல்லா வவுச்சரிலும் என் கையெழுத்து இருக்கிறது.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் காசோலையைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்காதவன் இந்த விஷயத்தில் ஏமாந்தேன்.

திருப்பிப் பார்க்க வைத்தது என் பேத்தி. அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. அந்த வயதுக்கு 11.5-க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தை கொழுகொழுவென்றுதான் இருப்பாள். அதனால் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. மருத்துவரிடம் போனோம். அவர் எதையும் எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன சாப்பிடுகிறாள்?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். நான்கு மணிக்குப் பேத்தியை அழைத்து வருவது என் பொறுப்பு. வரும் வழியில் கடை. தினம் ஒரு பாக்கெட். இரவு களியோ சோறோ வைத்தால், "தாத்தா, வயிறு ஃபுல்லா இருக்கு" என்பாள். அவளை நம்பி விட்டுவிடுவோம்.

மருத்துவர் திட்டவில்லை. "இது விஷம் இல்லை, ஐயா. ஆனால் கீரையும் பருப்பும் போக வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைய என் பேச்சு. மற்றதெல்லாம் அதற்கான கணக்கு.

முதலில் சோளம் எது?

நம் மாவட்டத்துப் பெரியவர்கள் சோளம் என்றால் வெள்ளைச் சோளத்தையும் செஞ்சோளத்தையும் சொல்வார்கள். சோளச்சோறு, சோள தோசை என்று நாம் சாப்பிட்டது அது. சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கும் கார்ன் வேறு, அது மக்காச்சோளம். இரண்டும் வேறு வேறு பயிர்கள். மக்காச்சோளத்தின் தாய்நாடு மெக்சிகோ. நம் ஊரில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கும் மாவு ஆலைகளுக்கும் போகிறது.

அதற்காக மக்காச்சோளத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் காய்ந்த மக்காச்சோளத்தில் சுமார் 334 கலோரி, 8.8 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு. நல்ல தானியம்தான்.

அதன் குறை இரண்டு. ஒன்று, அதன் புரதத்தில் லைசின், டிரிப்டோபன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. இரண்டாவது, அதிலுள்ள நியாசின் என்ற பி வைட்டமின் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, பிறகுதான் அரைத்தார்கள். அப்படிச் செய்தால் நியாசின் விடுபடும், சுண்ணாம்புச் சத்தும் சேரும். கூடவே பயறு வகைகளைச் சாப்பிட்டார்கள். ஐரோப்பாவுக்குச் சோளம் மட்டும் போயிற்று, சுண்ணாம்பு முறை போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு வந்து, புத்தி கலங்கும் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அது பரவியது. தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள். இது உணவுக் குறைபாடு என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். நியாசின்தான் மருந்து என்பது 1937-இல் தெரிந்தது.

ஒரே தானியத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பும் கீரையும் வைத்ததில் இந்தக் கணக்கு இருந்தது.

சோளம் சிப்ஸ் ஆகும்போது

கார்ன் சிப்ஸ் வியாபாரப் பண்டமானது 1932-இல். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் சார்லஸ் எல்மர் டூலின் என்பவர் அதன் செய்முறையை விலைக்கு வாங்கி, 'ஃப்ரிட்டோஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இன்று நம் கடைகளில் முக்கோணமாக, சுருளாக, குச்சியாகப் பல வடிவங்களில் கிடைக்கிறது. சிலவற்றைச் சுண்ணாம்பு முறையில் அரைத்த மாவில் செய்கிறார்கள். சிலவற்றில் சோள மாவு, அரிசி மாவு, கடலை மாவு எல்லாம் கலந்திருக்கும். எப்படியானாலும் கடைசியில் எண்ணெயும் உப்பும் மசாலாவும் சேர்கின்றன.

நான் வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு இப்படி இருந்தது: 510 கலோரி, கொழுப்பு 26 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 11 கிராம், புரதம் ஆறரை கிராம், சோடியம் 720 மில்லிகிராம். உங்கள் கையில் உள்ள பாக்கெட்டில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். 4 கிராம் கொழுப்புள்ள தானியம் 26 கிராமாகத் திரும்பி வந்திருக்கிறது. நாம் சோளம் என்று நினைத்து வாங்குவதில் கால் பங்கு எண்ணெய்.

பின்பக்கத்தைப் படிக்கும் முறை

இதை பாஸ்புக் படிப்பதைப் போலப் படிக்கலாம். ஐந்து இடம் பார்த்தால் போதும்.

ஒன்று, சேர்பொருள் பட்டியல். அதிகம் உள்ள பொருள் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். சோளத்துக்கு அடுத்து எண்ணெய் இருந்தால் எண்ணெய்தான் இரண்டாவது பெரிய பங்குதாரர். பெரும்பாலும் அது பாமாயிலாகவோ பாமோலினாகவோ இருக்கும். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

இரண்டு, 'ஒரு பரிமாறல்' என்ற வரி. இங்கேதான் நான் ஏமாந்தேன். நான் பார்த்த பாக்கெட்டின் எடை 50 கிராம். ஆனால் ஒரு பரிமாறல் 20 கிராம் என்று போட்டிருந்தது. நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாள் அளவில் 10 சதவீதம் என்று படித்து, பரவாயில்லை என்று நினைப்போம். 20 கிராமோடு கையை எடுக்கிற குழந்தையை நான் பார்த்ததில்லை. முழுப் பாக்கெட்டுக்கும் கணக்குப் போட்டால் 25 சதவீதம். அதுவும் ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருடைய அளவில். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கலோரி தேவையே இல்லை.

மூன்று, சோடியம். லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போடுவார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 50 கிராம் பாக்கெட்டில் 360 மில்லிகிராம் சோடியம், அதாவது சுமார் 0.9 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது. குழம்பு, ரசம், ஊறுகாய் எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் என்னைப் போன்றவர்கள், பேத்திக்கு வாங்கிய பாக்கெட்டில் நாமும் கைவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

நான்கு, மாவுச்சத்து. 'சர்க்கரை 2 கிராம்' என்று பார்த்து, சர்க்கரை நோயாளிகள் இது நமக்கு ஆகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் வரியில் மாவுச்சத்து 60 கிராமுக்கு அருகில் இருக்கும். அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் மாறும்.

ஐந்து, முன்பக்கத்துப் பெருமைகள். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்றால், தாவர எண்ணெய் எதிலும் அது கிடையாது. 'குளூட்டன் இல்லை' என்றால், மக்காச்சோளத்தில் இயல்பாகவே அது இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் அது பயன்படும் செய்தி. 'பல தானியம்', 'ராகி சேர்த்தது' என்று பெரிதாகப் போட்டிருந்தால், எத்தனை சதவீதம் என்று சேர்பொருள் பட்டியலில் தேடுங்கள். 3 சதவீத ராகிக்கு முன்பக்கத்தில் ராகிக் கதிரின் படம் முழு அளவில் இருக்கும்.

தென் அமெரிக்க நாடான சிலியில் 2016 முதல், உப்பும் கொழுப்பும் அளவுக்கு மிஞ்சிய பாக்கெட்டுகளின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை போடுகிறார்கள். நம் நாட்டிலும் முன்பக்க எச்சரிக்கை பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அது வரும்வரை நாம்தான் பாக்கெட்டைத் திருப்ப வேண்டும்.

நல்லதும் நடந்திருக்கிறது. எண்ணெயிலும் எண்ணெய் சேர்ந்த உணவுகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி செய்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விற்கக் கூடாத வகைப் பண்டத்தை நம் சங்கம் காசு கொடுத்து வாங்கி மாடியில் விநியோகித்திருக்கிறது. அதற்குக் கையெழுத்துப் போட்டது நான்.

காசுக் கணக்கு

50 கிராம் 20 ரூபாய் என்றால் கிலோ 400 ரூபாய். மக்காச்சோளத்துக்கு 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், அதாவது கிலோ 24 ரூபாய். எண்ணெய், மசாலா, ஆலை, பாக்கெட், வண்டி வாடகை, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் நடுவில் இருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 24-க்கும் 400-க்கும் நடுவில் நமக்கு என்ன கூடியது? மொறுமொறுப்பும் ருசியும் வசதியும் கூடின. சத்து கூடவில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் சுட்ட முறுக்கும் மிக்சரும் இதற்குச் சளைத்தவை இல்லை. அவையும் எண்ணெயில் குளித்தவைதான். 'நம் பாரம்பரியம்' என்று சொல்லிவிட்டால் கொழுப்பு குறைந்துவிடாது. முறுக்கு தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும் வந்தது. கார்ன் சிப்ஸ் தினம் நான்கு மணிக்கு வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். மாதத்தில் ஒரு நாள் ஒரு பாக்கெட்டை நான்கு பேர் பிரித்துச் சாப்பிட்டால் ஒரு குடியும் முழுகாது.

அப்படியானால் எதைக் கொடுப்பது?

அதே சோளத்தைக் கொடுக்கலாம். வேகவைத்த இனிப்புச் சோளத்தில் 100 கிராம் மணிக்கு 100 கலோரிக்கும் குறைவு. ஒரு சின்ன பாக்கெட் சிப்ஸில் 255 கலோரி. இரண்டில் எது வயிற்றை நிறைக்கும் என்று நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். காய்ந்த சோளத்தை வீட்டிலேயே ஒரு கரண்டி எண்ணெயில் மூடி போட்டுப் பொரித்தால் பாப்கார்ன். ஒரு கைப்பிடி சோளம் ஒரு பெரிய கிண்ணமாக வரும்.

நம் மாவட்டத்துச் சரக்கு இருக்கவே இருக்கிறது. 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்கிறது அதே 2017 அட்டவணை. மக்காச்சோளத்தில் வெறும் 9. தமிழக அரசு 2023-இல் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நீலகிரியோடு நம் தர்மபுரியைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்த ராகியை வாங்கி வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு 3 சதவீத ராகி போட்ட பாக்கெட்டை வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறோம். நானும் அதில் ஒருவனாக இருந்தேன். ராகி புட்டு, வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்து இடித்த ராகி உருண்டை, முருங்கைக்கீரை போட்ட ராகி அடை எல்லாமே மாலைப் பண்டம்தான்.

வேர்க்கடலையில் புரதம் ஏறக்குறைய 24 சதவீதம். கொழுப்பும் நிறைய உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நல்ல வகை. அவித்துக் கொடுங்கள், அளவாகக் கொடுங்கள். பூஞ்சை பிடித்த, கசக்கிற கடலையை அப்படியே தூக்கிப் போடுங்கள். நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு முழுக் கடலையும் பாப்கார்னும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

நடந்தது என்ன?

போன இரண்டு மாதமாகச் சிறுவர் மன்றத்தில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். முதல் சனிக்கிழமை அவித்த கடலை வைத்தேன். பாதி மிஞ்சியது. ஒரு பையன் கையில் நாலு கடலையை வைத்துக்கொண்டு, "தாத்தா, இதுல மசாலா எங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அடுத்த முறை வெங்காயம், மாங்காய், கொத்தமல்லி நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தோம். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாவது முறை பாப்கார்ன். நான்தான் பொரித்தேன். முதல் ஈடு கருகியது. இரண்டாவது தேறியது. நான்காவது முறை அவித்த சோளக்கதிரைப் பாதியாக உடைத்துக் கொடுத்தோம். உழவர் சந்தையில் வாங்கினோம். நான்கு முறையிலும் 840 ரூபாயைத் தாண்டவில்லை. பில் எல்லாம் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"இதையெல்லாம் யார் செய்வது?" என்று சிலர் கேட்டார்கள். உண்மையான கேள்வி அதுதான். பாக்கெட்டைப் பிரிக்க ஒரு நொடி போதும். சோளம் வேக அரை மணி வேண்டும். அந்த அரை மணியை வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள் தலையில் வைத்தால் இந்தத் திட்டம் ஒரு மாதம்கூடத் தாங்காது. தாங்கவும் கூடாது. ஆகவே ஓய்வு பெற்ற ஆண்கள் நாங்கள் ஆறு பேர் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம. கடலை அவிப்பதற்குப் பட்டம் தேவையில்லை. இன்னும் நான்கு பேர் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் ஐந்து மாதத்துக்கு ஒரு முறைதான் வேலை வரும்.

பேத்தியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்ததில் 11.2. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மருந்துதான் முக்கியக் காரணம். பண்டத்தை மாற்றியதால் மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். ஆனால் நான்கு மணிக்குப் பாக்கெட் இல்லாததால் எட்டு மணிக்கு அவளுக்குப் பசிக்கிறது. களியைக் கிள்ளிக் கீரைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட் உண்டு, அது அவளுக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம். அதையும் அவளே திருப்பிப் பார்த்து, "தாத்தா, இதுல சோடியம் எவ்ளோன்னு சொல்லட்டுமா?" என்கிறாள்.

இன்று உங்கள் முன் வைக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்று: சங்கப் பணத்தில் சிறுவர் மன்றத்துக்குப் பாக்கெட் பண்டம் வாங்குவதை நிறுத்தி, அதே தொகையில் அவித்ததோ பொரித்த சோளமோ பழமோ கொடுப்பது. உங்கள் வீட்டில் என்ன வாங்குவது என்பது உங்கள் விருப்பம். அதில் சங்கம் தலையிடாது.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம். எதிர்ப்பவர்கள், தயவுசெய்து வீட்டில் உள்ள ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து உயர்த்துங்கள். காத்திருக்கிறோம்.